தெருவை இறக்கி ஏற்றியவள்

நடந்ததா என்று கேட்பவர்களோடு நாங்கள் தர்க்கம் பண்ணுவதில்லை. கோவில்பட்டிக்கு வந்து, மேட்டுக் கிணற்றுத் தெருவுக்கு வழி கேட்டு, தெருமுனையில் சீனியம்மா கடையில் ஒரு வடையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள் என்றுதான் சொல்வோம். ஏனென்றால் எல்லாம் அந்த வடையில்தான் ஆரம்பித்தது.

ஒரு மதியம், சீனியம்மா விடியலில் சுட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த வடைகளையெல்லாம் நாங்கள் தின்று தீர்த்து, விரலைத் தாளில் துடைத்து, தாளைக் கசக்கி எறிந்து, ஏப்பமும் விட்டு முடித்த பிறகு, அந்த வடைகள் அடுக்கின அடுக்குக் குலையாமல் பெட்டிக்குள் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன. எங்களுக்கு வயிறு பசித்தது. சீனியம்மா பெட்டியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"தின்ன வடையைத் திருப்பி வைக்கீகளே, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?" என்றாள்.

அதே நேரத்தில் கொடியில் காய்ந்து முறுகியிருந்த துணிகள் மறுபடி சொட்டத் தொடங்கின. பந்து பட்டு உடைந்த ஜன்னல் கண்ணாடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. தலைக்கு மை தடவி வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் குணசீலனுக்கு நரை திரும்பியது. நாங்கள் அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம், ஆனால் சட்டையும் சேலையும் போய், காலையில் பல் விளக்கியபோது உடுத்தியிருந்த லுங்கியும் நைட்டியுமாக நின்றோம். இடுப்பில் வெறும் துண்டோடு பல் விளக்கும் பழக்கமுள்ள இரண்டொருவர் அவசரமாக வீட்டுக்குள் போனார்கள். மறுநாளிலிருந்து அவர்களும் லுங்கி கட்டித்தான் பல் விளக்கினார்கள்.

அப்போது மாடி வீட்டுச் சண்முகவடிவு பால்கனிக்கு வந்து, குடித்து முடித்த காபி டம்ளரில் மறுபடியும் காபி நிற்பதை எங்களுக்குக் காட்டி, "நான்தான்னு நினைக்கேன். இப்பத்தான் பெட்டியை இறக்கி ஏத்துனேன்" என்றாள்.

வடிவு சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். தெருவாசிகள் சங்கங்களுக்கு ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். கீழே கூடியவர்களுக்குப் பால்கனியிலிருந்தே விளக்கம் சொன்னாள்.

"லேப்டாப்புக்குள்ள கண்டெய்னர்னு ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள டேட்டாபேஸ். நான் எழுதுனது ஒழுங்கா ஓடுதான்னு பாக்க அதுல கன்னாபின்னான்னு எதையாவது சேப்பேன், அழிப்பேன். குழம்பிப் போச்சுன்னா உக்காந்து சிக்கெடுக்க மாட்டேன். பெட்டியையே தூக்கிப் போட்டுட்டுப் புதுப் பெட்டி ஏத்திருவேன். காலையில இருந்த மாதிரி சுத்தமா வந்துரும்."

"அதுக்குள்ள நம்ம தெரு எப்படிம்மா போச்சு?" என்றார் வாத்தியார், நரையைத் தடவிக்கொண்டே.

அதில்தான் வடிவு கொஞ்சம் நெளிந்தாள். பெட்டியை ஏற்றும்போது மாதிரிக்கென்று சில பெயர்களும் வீடுகளும் போட்டு நிரப்ப வேண்டும். அவளோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு என்று நிரப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவளுக்கு அப்படி மனம் வரவில்லை. பெயரில்லாதவர்களுக்கு என்ன மென்பொருள் எழுதுவது என்று, தினமும் விடியலில் நடக்கப் போகும்போது தெருவில் பார்த்ததையெல்லாம், யார் வாசலில் என்ன கோலம், யார் கொடியில் எந்தத் துணி, சீனியம்மா பெட்டியில் எத்தனை அடுக்கு வடை, எல்லாவற்றையும் வந்து தட்டிவிடுவாள். அப்படித் தட்டித் தட்டித் தெரு உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான். நாங்களும் அதற்குமேல் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று: நடந்ததெல்லாம் எங்களுக்கு ஞாபகம் இருந்தது. தின்ற வடையின் ருசி நாக்கிலேயே நின்றது. அது எப்படி என்றதற்கு, "மனசுக்குன்னு நான் ஒரு கட்டம் போடல" என்றாள் வடிவு.

பிறகு பழகிவிட்டது. கரண்ட் போய்ப் போய் வருகிற தெருவில் எதுதான் பழகாது? தெய்வானையும் ராஜாத்தியும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். பல வருஷமாகப் பல்லைக் கடித்துப் பேசாமல் இருந்தவர்கள், இப்போது ஒருத்தி மேல் ஒருத்தி தட்டை எறிந்து, டம்ளரை எறிந்து, ஒருநாள் கிரைண்டரையே கவிழ்த்து, ஆசை தீர ஏசி முடித்ததும் கைகோத்துக்கொண்டு வடிவு வீட்டுக் கேட்டுக்கு வந்து, "இறக்கும்மா" என்பார்கள். கிரைண்டர் நிமிர்ந்துவிடும், இருவரும் சிரித்துக்கொண்டே போய் மாவாட்டுவார்கள். கேரம் போர்டில் தோற்றவர்கள் இறக்கச் சொன்னார்கள். குழம்பில் உப்பைக் கொட்டியவர்கள் இறக்கச் சொன்னார்கள். வாத்தியார் மட்டும், "நான் மை தடவுற அன்னைக்காவது சும்மா இருங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஆளுக்கொரு நேரத்தில் கத்தினால் எப்படி என்று தெருச் சங்கத்தின் செயலாளர் தளவாய் அண்ணாச்சி கூட்டம் போட்டார். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர், எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவார். அவர் போட்ட விதி இது: தெருவில் யார் வேண்டுமானாலும் வடிவிடம் வந்து கேட்கலாம், கேட்டதை அவள் செய்ய வேண்டும், ஏன் என்று அவளும் கேட்கக் கூடாது, மற்றவர்களும் கேட்கக் கூடாது. இறக்குவதற்கு முன்னால் மைக்கில் அறிவிக்க வேண்டும். அறிவிக்கும் வேலை, தெருவிலேயே மைக் செட் கடை வைத்திருந்த கருத்தபாண்டிக்கு.

பாண்டிக்கு நல்ல கணீர்க் குரல். "அன்பான தெருமக்களே, இன்னும் சற்று நேரத்தில் தெரு இறக்கப்பட இருக்கிறது. எண்ணெய் தேய்த்து நிற்பவர்கள் தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டாம், வீண். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் நிதானமாகச் சாப்பிடவும், மறுபடியும் சாப்பிட வேண்டியிருக்கும்" என்று அவன் சொல்லும்போது, தளவாய் அண்ணாச்சியின் மகள் பொன்செல்வி மாடி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பாள். முன்பே பிடித்திருந்தது, மைக் வந்தபின் ரொம்பப் பிடித்துவிட்டது.

அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. திருவிழா இருந்தால் வருமானம், இல்லையென்றால் ஈயோட்டுகிறவன் என்பது அவர் வெளியே சொன்ன காரணம். சொல்லாத காரணத்தை நாங்களும் சொல்ல மாட்டோம், தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"வாடி, திருநெல்வேலிக்குப் போய்ப் பதிவு பண்ணிக்குவோம்" என்று பாண்டி கூப்பிட்டான். பொன்செல்வி மாட்டேன் என்றாள்.

"ஊரு மாறிக் கட்டுனா ஓடிப்போனவன்னுதான் பேரு வரும். நம்ம தெருவுல, நம்ம பிள்ளையார் முன்னால, எங்கப்பா கண்ணு பாக்கக் கட்டு. இல்லாட்டிக் கட்டாத."

அப்படியே ஒரு முகூர்த்த நாளில், சீனியம்மா கேசரி கிண்ட, வாத்தியார் மந்திரம் மாதிரி எதையோ சொல்ல, பாண்டி தன் ஆம்ப்ளிபயர் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த தாலியை எடுத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் வைத்துப் பொன்செல்வி கழுத்தில் கட்டினான். மூன்றாவது முடிச்சு விழுந்ததுதான் தாமதம், அண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து வடிவு வீட்டுக் கேட்டை உலுக்கினார்.

"இறக்கு! இப்பவே இறக்கு!"

விதி விதிதான். வடிவு பாண்டியைப் பார்த்தாள். பாண்டி மாலையும் கழுத்துமாகப் போய் மைக்கை எடுத்து, தன் கல்யாணம் கலைவதைத் தானே தெருவுக்கு அறிவித்தான். அவன் குரலில் கணீர் இல்லை. தாலி ஆம்ப்ளிபயருக்குள் போய்விட்டது, மாலை கூடைக்குள் போய்விட்டது, எங்கள் வாயிலிருந்த கேசரி ரவையாகிச் சீனியம்மாவின் டப்பாவுக்குள் போய்விட்டது, பட்டுடுத்தி வந்தவர்கள் நைட்டியோடு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அடுத்த முகூர்த்தத்தில் மறுபடி கட்டினான். மறுபடி இறக்கினார். அதற்கடுத்த முகூர்த்தத்திலும் கட்டினான். அப்புறம் எத்தனையாவது என்று எண்ணுவதை நாங்கள் விட்டுவிட்டோம். ஆனால் ஒன்றைக் கவனித்தோம். முதலில் முடிச்சு விழுந்த பிறகு ஓடிவந்த அண்ணாச்சி, பிறகு முடிச்சு விழும்வரை தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு கோயிலுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்ப்பதோடு நில்லாமல் நொட்டை சொல்ல ஆரம்பித்தார்.

"என்னய்யா மாலை இது, கதம்பமா கட்டிருக்கீக? கல்யாணம்னா ரோசாப்பூ வேண்டாமா?"

"கேசரியில முந்திரியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கு, சீனியம்மா."

"வாத்தியாரே, அது காது குத்துக்குச் சொல்றது. வேற சொல்லும்."

ஒரு தடவை அவரே கடையிலிருந்து முந்திரியும் ஏலக்காயும் கொடுத்தனுப்பினார். இன்னொரு தடவை வாழைமரம் இரண்டு வந்து இறங்கியது, யார் அனுப்பியது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்ததும் எழுந்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வடிவு வீட்டுப் பக்கம் திரும்பி, நிதானமாக ஒரு குரல்: "இந்தத் தடவை நல்லாத்தான் இருந்துச்சு. இறக்கு."

உடனே முந்திரி கடைக்குப் போகும், வாழைமரம் தோட்டத்துக்குப் போகும். தெருவுக்கு வெளியே இருந்து வந்த எதுவும் காலையில் எங்கே இருந்ததோ அங்கே போய்விடும்.

எங்களுக்கு இது திருவிழா. பாண்டிக்கு அப்படி இல்லை. ஒருநாள் பொன்செல்வியிடம் சொல்லிவிட்டான்.

"திருப்பூர்ல ஒரு சவுண்ட் சர்வீஸ்ல கூப்பிடுறாக. அடுத்த முகூர்த்தமும் நிக்கலன்னா நான் கிளம்புதேன். என் கல்யாணத்தை நானே மைக்கில கலைச்சுக் கலைச்சுத் தொண்டை கட்டிப்போச்சு, செல்வி."

பொன்செல்வி அழவில்லை. நேரே மாடியேறி வடிவு முன்னால் போய் நின்றாள்.

"வடிவக்கா, பெட்டியை இறக்குனா உள்ள எழுதுன எல்லாமே போயிருமா? ஒண்ணுகூட நிக்காதா?"

வடிவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பொய் சொல்ல வராதவர்கள் அப்படித்தான் ஏதாவது செய்து நேரம் கடத்துவார்கள்.

"நிக்க வைக்கலாம்" என்றாள். "வால்யூம்னு ஒண்ணு இருக்கு. பெட்டிக்கு வெளிய ஒரு இடம். பெட்டிக்குள்ள இந்த இடத்துல எழுதுறதை அங்க வையின்னு ஒரு வரி சொல்லிட்டாப் போதும். பெட்டி போனாலும் அது போகாது."

"ஒரே ஒரு வரியா?"

"ஒரே வரி."

"இத்தனை நாளா அதைச் சொல்லவே இல்லையே நீங்க!"

"நீ கேக்கவே இல்லையே! அதோட, உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னையத் தெருவை விட்டே இறக்கிருவாரு."

"யாரு வேணும்னாலும் கேக்கலாம், ஏன்னு கேக்கக் கூடாது. விதி போட்டது யாரு? அவருதானே. நான் கேக்கேன். எழுதுங்க."

வடிவு லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "எந்த இடத்தை வெளிய வைக்கட்டும்?" என்றாள்.

"என் கழுத்தை."

"கழுத்தை மட்டுமா?"

"மத்ததெல்லாம் எங்கப்பா இஷ்டப்படி இறங்கட்டும்."

முகூர்த்த நாள் வந்தது. நாங்கள் விடியலில் வழக்கம்போல லுங்கியும் நைட்டியுமாகப் பல் விளக்கி, வடிவு நடந்து போவதைப் பார்த்து, பிறகு குளித்துப் பட்டுடுத்திக் கோயில் வாசலில் கூடினோம். ரோசாப்பூ மாலை வந்திருந்தது. வாத்தியார் சரியானதைச் சொல்லப் பழகியிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டிருந்தது. அதில்தான் ஆள் இல்லை.

"அண்ணாச்சி எங்க?"

"ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போனாருப்பா."

"கோவமாவா?"

"அவரு மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கிட முடியுமா?"

நல்ல நேரம் நகர்ந்துகொண்டிருந்தது. பொன்செல்வி நாற்காலியைப் பார்த்தாள், தெருமுனையைப் பார்த்தாள், பாண்டியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் திருப்பூர் பஸ் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

"கட்டு" என்றாள்.

கட்டினான். மூன்று முடிச்சும் விழுந்தன. யாரும் கத்தவில்லை. எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அத்தனை கல்யாணத்திலும் அந்த இடத்தைத் தாண்டி நாங்கள் போனதே இல்லை. அதற்கப்புறம் என்ன வரும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சீனியம்மா, "கேசரி எடுக்கட்டுமா, இருக்கட்டுமா?" என்று யாரிடமோ கேட்டாள். அட்சதை தூவின கையைத் தெய்வானை இன்னும் கீழே இறக்கவில்லை.

அப்போது ஸ்கூட்டர் சத்தம். அண்ணாச்சி வந்து இறங்கினார். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. கோயிலைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், மகள் கழுத்தைப் பார்த்தார்.

"முடிஞ்சு போச்சா?"

அவர் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அந்த வயதில் அப்படி ஒரு ஓட்டம், வடிவு வீட்டுக் கேட்டுக்கு ஓடினார்.

"இறக்கு! வடிவு, இறக்கும்மா! சீக்கிரம்!"

பாண்டி மைக்கை எடுத்தான். அறிவிக்க வாய் வரவில்லை. "தெருமக்களே" என்றதோடு நின்றுவிட்டான். அந்த ஒரு வார்த்தையே போதுமென்று வடிவு விசையைத் தட்டினாள்.

எங்கள் பட்டெல்லாம் போய் நைட்டியும் லுங்கியும் வந்தன. பாண்டி டவுசரும் பனியனுமாக நின்றான். அவன் மாலை கூடைக்குப் போனது, கேசரி ரவைக்குப் போனது. அண்ணாச்சி கையிலிருந்த ஜவுளிக்கடைப் பை கடைக்கே போய்விட்டது, அவர் வெறுங்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பொன்செல்வி, பூப்போட்ட நைட்டியில், ரோசாப்பூ மாலையும் தாலியுமாக நின்றாள்.

அண்ணாச்சி மெல்ல நடந்து வந்து, கண்ணைச் சுருக்கி, தாலியை உற்றுப் பார்த்தார்.

"இது எப்படி நிக்கி?"

"வால்யூம் போட்டேன், அண்ணாச்சி" என்றாள் வடிவு பால்கனியிலிருந்து. குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"யாரு போடச் சொன்னா?"

"கேட்டாகன்னு போட்டேன். ஏன்னு கேக்கக் கூடாதுன்னு..."

"மறுபடி இறக்குனா?"

"எத்தனை தடவை இறக்குனாலும் நிக்கும்."

இடிபோல ஒன்று வரும் என்று நாங்கள் எல்லோரும் ஓரடி பின்னால் போனோம். அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நான் பாக்கலயே" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

"இத்தனையும் பாத்துட்டு, நிக்கிற கல்யாணத்தை நான் பாக்கலயே! இந்தத் தடவை விட்டுருவோம்னுதான் இருந்தேன். பொண்ணுக்குத் தகப்பன் லுங்கியோட நின்னா நல்லாவா இருக்கும்னு பட்டுவேட்டி எடுக்கப் போனேன். அந்த ஜவுளிக்கடைப் பய பில்லுப் போட லேட் பண்ணிட்டான். வந்து பாத்தா முடிஞ்சு கெடக்கு. சரி, இறக்கிட்டு இன்னொரு தடவை கட்டச் சொல்லிப் பாத்துக்குவோம்னு..." அவர் வெறுங்கையைப் பார்த்தார். "வேட்டியும் போச்சு."

பாண்டி பதறிப்போனான். "மாமா, அழுவாதீக. வேணும்னா அவுத்துட்டு மறுபடி..."

சீனியம்மா ஓடிவந்து அவன் முதுகில் ஒரு அறை வைத்தாள். "நாக்கை வெட்டிப்புடுவேன்! கட்டுன தாலியை அவுக்கவா? பேச்சைப் பாரு, மைக் செட்டுக்காரன் பேச்சை!"

பொன்செல்வி அப்பாவின் முன்னால் வந்து முழங்காலிட்டு உட்கார்ந்தாள். மாலை அவர் மடியில் பட்டது.

"எப்பா, முடிச்சுத்தான் விழுந்திருக்கு. இத்தனை கல்யாணத்துலயும் ஒண்ணை மட்டும் யாரும் செய்யல. என் கையைப் பிடிச்சு அவுக கையில யாரும் குடுக்கல. யாரு குடுப்பா? குடுக்க வேண்டியவரு இந்த நாக்காலியில உக்காந்து கேசரிக்கு நொட்டை சொல்லிக்கிட்டு இருந்தாரு."

அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார். எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டார். கட்டம் போட்ட லுங்கி, முழங்காலுக்குக் கீழே சாயம் போனது. மகளின் கையைத் தன் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, பனியனோடு நின்ற பாண்டியின் கைக்குள் வைத்து, தன் இரண்டு கையாலும் மூடினார். வாத்தியார் நரைத்த தலையோடு என்னமோ சொன்னார், காது குத்துக்குச் சொல்வதாகத்தான் இருக்கும், யாரும் திருத்தவில்லை. ராஜாத்தி போனில் படம் எடுத்தாள். அத்தனை பேரும் நைட்டியும் லுங்கியும், ஒருத்தர் வாயில் பிரஷ், நடுவில் ஒரே ஒரு மாலை.

ராஜாத்தி படத்தை அண்ணாச்சியிடம் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார். தன் லுங்கியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. எங்களுக்குத் தெரிந்த சுருக்கம்தான். வடிவு கையை விசைக்கு அருகில் கொண்டுபோனாள், பாண்டி பழக்கதோஷத்தில் மைக்கைத் தூக்கி அவர் வாயருகே நீட்டினான்.

"சீனியம்மா" என்று தெரு முழுக்க அவர் குரல் கேட்டது. "ரவையை மறுபடி கிண்டு. எம்புட்டு நேரந்தான் பசியோட நிக்கிறது."